பஞ்சில் ஊறிய மருந்து

யாங்கோவுக்கு மூன்று வயது. காசநோய். நாலு இடத்தில் குத்தியும் அந்தக் குச்சிக் கையில் நரம்பு அகப்படவில்லை. அதற்கப்புறம்தான் மலாவி ஏரியோர மருத்துவமனையில், ரத்தம் வேண்டாம், எச்சிலிலேயே பார்த்துவிடலாம் என்றார்கள். பஞ்சுருண்டையைக் கன்னத்தில் அடக்கி, ஊறியதும் எடுத்தால் போதும். குடித்த மருந்து உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிள்ளை அழவே இல்லை. அவன் அம்மா ஃபெய்னஸ் அந்தப் பஞ்சைக் கும்பிடாத குறைதான்.

முதல் தடவை மருந்து மிகக் குறைவாக இருந்தது. நர்ஸ் உலேமு நல்ல மனுஷிதான், வாய்தான் சும்மா இருக்காது. வரிசையில் நின்ற அத்தனை பெண்கள் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“யாங்கோ அம்மா, மாத்திரைய புள்ளைக்குக் குடுக்குறீங்களா, கோழிக்குப் போடுறீங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். ஃபெய்னஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒரு வேளை தவறியதில்லை. தினமும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, கக்கிவிடாமல் அரை மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, வாய் கொப்பளிக்க வைத்துக் கூட்டிவர வேண்டும். எல்லாம் சொன்னபடியே செய்தாள். ஆனால் உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் மாமரத்துக்குப் பின்னே போய், மறுநாள் மாத்திரையில் பாதியை நுணுக்கி, விரலால் தொட்டுப் பிள்ளையின் கன்னத்துக்குள் தடவினாள். இனிப்பாக இருக்கவும் அவன் விரலைச் சப்பினான்.

இந்தத் தடவை மருந்து ஏராளமாக இருந்தது. உலேமு எல்லார் முன்னாலும் அவளை மெச்சினாள். ஃபெய்னஸ் தலை நிமிர்ந்து வீடு வந்தாள். பாவி மகள், அன்றைக்கு மக்காச்சோளக் களி இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

ஐந்தாவது வாரம் யாங்கோ போய்விட்டான்.

துக்க வீட்டுக்கு உலேமுவும் வந்தாள். பாயில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஃபெய்னஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

“உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. சில புள்ளைங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் மருந்து உடம்புல ஒட்டாது. அப்படி இருந்தா டாக்டர் அளவக் கூட்டுவாரு. அதப் பாக்கத்தான் ரெண்டாவது பஞ்சு வெச்சோம். யாங்கோவுக்குத்தான் நல்லா ஒட்டியிருந்துச்சே.”

“அளவக் கூட்டியிருந்தா?”

“ஒட்டாத புள்ளைன்னா பொழைச்சிருக்கும். ரெண்டு புள்ளைங்க அப்படிப் பொழைச்சிருக்கு. உங்க புள்ளைக்கு அதுக்கு அவசியமே வரல.”

ஃபெய்னஸ் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஓலம்தான் வந்தது. பெண்கள் ஓடிவந்து அணைத்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு, அழட்டும் என்றார்கள். உலேமு அவள் முதுகைத் தடவியபடி, நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் சரியாச் செஞ்சீங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.