முந்நூற்று ஐம்பது வாட்

சுவா ஏரிக்கரையில் இருக்கும் ஒகயா ஊரில், ஒகுச்சி தெய்ஜியின் வீட்டு விளக்குகள் இன்னும் பிறக்காத டிஜிட்டல் பாட்டுப் பெட்டிகளுக்காக மங்கின. டோக்கியோவில் யாரோ ஒரு பொறியாளர் மனசில் ஒரு பெட்டி உருவானதும், நாளைக்கு அது எத்தனை வாட் குடிக்குமோ அத்தனை வாட் வெளிச்சம் இந்த வீட்டில் குறையும். ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ கழித்து, அந்தப் பெட்டி ஊரில் வந்து இறங்குகிற அன்றைக்கு வெளிச்சம் பழையபடி திரும்பிவிடும். விலையைச் சொல்வது அவர் மனைவி ஃபுமியே. மிசோ சூப்பில் உப்புப் பார்க்கக் கரண்டியை நாக்கில் வைத்தால், உப்புக்கு முன்னால் விலை வந்து நிற்கும். உறைந்த ஏரியில் விழுகிற வெடிப்பைப் பார்த்துப் பூசாரி வருஷபலன் சொல்ல, அதைக் கேட்டு நெல் விதைத்த ஊர் இது. அதனால் இதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் குறுந்தட்டுப் பெட்டி வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் இது ஆரம்பித்தது. தெய்ஜி கண்ணாடி வில்லைகளை மெருகேற்றும் பட்டறையில் இருந்தவர், வெளிச்சத்தின் அளவு அவருக்குக் கண்ணிலேயே தெரியும். ஸ்டேஷன் ரோட்டில் பாட்டுப் பெட்டிக் கடை வைத்திருந்த மியாசாகா, இலையுதிர் காலம் வந்தால் ஒரு பொட்டலம் மோச்சி அரிசிப் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஐயா வாட் சொல்வார், அம்மா விலை சொல்வார், மியாசாகா அதன்படி சரக்கெடுப்பார். பிற்பாடு டோக்கியோவிலிருந்தே கோட்டுப் போட்டவர்கள் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வைக்கப்போகிற விலையைத்தான் ஃபுமியே சொன்னாரா, ஃபுமியே சொன்ன விலையைத்தான் அவர்கள் வைத்தார்களா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. பணம் கொழித்த வருஷங்களில் தட்டைச் சுழற்ற ஒரு பெட்டி, தட்டில் பதிந்த எண்களை ஒலியாக்க ஒரு பெட்டி, இரண்டும் நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கடிகாரப் பெட்டி என்று போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். அத்தனைக்கும் சேர்த்து மங்கி மங்கி, ஒகுச்சி வீட்டில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மீனில் முள் தெரியாமல் ஃபுமியே பலமுறை அவஸ்தைப்பட்டதுண்டு.

இந்தப் பெட்டிப் பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தில் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அழுக்கும் நூடுல்ஸ் கடை மோட்டாரின் அழுக்கும் கலந்திருக்கும், அது பாட்டைக் கெடுக்கும் என்பார்கள். ஆகவே வசதி உள்ளவன் தன் வீட்டுக்கென்று தனிக் கம்பம் நட்டுக்கொள்வான். தெய்ஜியும் நட்டார். பெர்சிமன் மரத்துக்குப் பக்கத்தில் கம்பம் எழுந்த அன்றைக்குத் தெருக்காரர்கள் சாக்கே புட்டியோடு வந்து வாழ்த்தினார்கள். "மத்த ஆம்பளைங்க வீட்டுக்கு இன்னொருத்திய கூட்டிட்டு வருவாங்க. எங்க வீட்டுக்காரர் கம்பத்தக் கூட்டிட்டு வந்திருக்கார். பரவால்ல, இது சோறு கேக்காது" என்று ஃபுமியே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு பிப்ரவரியில் முந்நூற்று ஐம்பது வாட் குறைந்தது. இந்த முறை ஒரு வித்தியாசம். கடிகாரப் பெட்டிகளின் ஓரிரண்டு வாட்டை விட்டால், மற்ற பெட்டிகளுக்குச் சாயங்காலம் மட்டும்தான், ஜனங்கள் பாட்டுக் கேட்கிற நேரத்தில்தான் மங்கும். இது ராப்பகலாக, ஒரு நொடி விடாமல் மங்கியது. தெய்ஜிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டிப் பைத்தியங்கள் கடிகாரப் பெட்டியை மட்டும் அணைக்கவே மாட்டார்கள். ஒருமுறை அணைத்தால் அது திரும்ப நிதானத்துக்கு வர வாரக்கணக்காகும் என்பது அவர்கள் நம்பிக்கை. இத்தனை மின்சாரம் குடிக்கிற கடிகாரப் பெட்டி என்றால் அதுதான் உலகத்திலேயே பெரியது என்று அவர் முடிவு கட்டினார். அதை வாங்கியே தீருவது என்று, கம்பத்திலிருந்து அதற்கென்று தனியாக ஒரு கம்பி இழுத்தார். கருங்கல்லில் மேடை செய்து, வில்லை தேய்க்கிற மாதிரி தினமும் தேய்த்தார்.

விலை என்ன என்று கேட்டால் ஃபுமியே சூப்பை ருசி பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சொல்லப் பயப்படுகிற அளவுக்கு விலை போலிருக்கிறது என்று தெய்ஜி நினைத்துக்கொண்டார். பாவி மனுஷன், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், தட்டு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் மியாசாகாவிடமே திரும்ப விற்றார். அந்த வருஷம் முழுக்க வீட்டில் பாட்டே இல்லை. ஃபுமியே மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது அந்த அமைதியில் நன்றாகவே கேட்டிருக்கும். கம்பத்தில் மின்சாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிற காது தெய்ஜிக்கு, இது மட்டும் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஃபுமியே குளியலறையில் விழுந்தார். நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இன்னொரு குளிர்காலம் தாண்டினால் பெரிது என்றார் டாக்டர். வீடு திரும்பிய அன்றைக்கு இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற பெட்டி, அணைக்கவே கூடாது என்றார்கள். முந்நூற்று ஐம்பது வாட். அதை ஓட்டியதும் வீட்டு விளக்குகள் எல்லாம் முழு வெளிச்சத்துக்கு வந்தன. தெய்ஜி ஃபுமியேவின் பக்கம் திரும்பினார்.

"விலை தெரிஞ்சுதானே இருந்துச்சு உனக்கு?"

"இதுக்கு விலையே இல்லீங்க. வாடகைக்குத்தான் தருவாங்கன்னு நாக்குல வந்துச்சு. பாட்டுப் பெட்டிய யாரு வாடகைக்கு விடுவா? அப்பவே புரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா கல்லு தேய்ச்சுட்டு இருந்தீங்க."

பெட்டி கருங்கல் மேடையில் ஏறியது. தனிக் கம்பத்தின் சுத்தமான மின்சாரம் என்பதாலோ என்னவோ, ஃபுமியே ஒரு குளிர்காலம் அல்ல, ஆறு குளிர்காலம் தாண்டினார். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பொறுக்காத தெய்ஜி, அந்தப் பெட்டியின் டக், புஸ் சத்தத்தைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். அதைவிட நல்ல சத்தம் இந்த உலகத்தில் இல்லை என்று மியாசாகாவிடம் சொன்னார், அது உண்மை.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில், வீட்டு விளக்குகள் இருக்க வேண்டியதைவிட முந்நூற்று ஐம்பது வாட் கூடுதலாக எரிந்தன. பகலில் அணைத்து வைத்த பல்புகூட எரிந்தது. ஒரு தேவை வருவதற்கு முன்னால் மங்குகிற வீடு, ஒரு தேவை தீர்வதற்கு முன்னால் என்ன செய்யும் என்று இருவருக்கும் விளங்கியது; அந்தப் பெட்டிக்கு இனி ஒரு வருஷம்தான் வேலை. தெய்ஜி மியாசாகாவின் கடைக்கு ஓடினார்.

"அந்த டோக்கியோக்காரங்களக் கூப்பிட்டுப் பேசுப்பா. பெரிய பெட்டியா ஒண்ணு செய்யச் சொல்லு, ஆயிரம் வாட் குடிக்கிற மாதிரி. என் வீடு இருட்டாகணும்."

மியாசாகா கூப்பிட்டார். டோக்கியோவில் இப்போது யாரும் பெட்டி செய்வதில்லை, ஜனங்கள் கைபேசியில் கேட்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்கள். தெய்ஜி ஜன்னலுக்கும் பல்புக்கும் கறுப்புத் துணி கட்டினார். ஃபுமியே அதை அவிழ்க்கச் சொன்னார்.

"முப்பது வருஷத்துல பாதிக்கு மேல உங்க மூஞ்சிய அரையிருட்டுலதான் பாத்திருக்கேன். இப்பவாவது பாத்துக்கறேன், விடுங்க."

அந்த ஒரு வருஷம் அவர்கள் பளீரென்ற வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கிமோனோ தைக்க அங்கே வந்தார்கள். பெர்சிமன் மரம் கம்பத்துப் பக்கமாகவே காய்த்தது. ஃபுமியே மீனை முள் நீக்கித் தெய்ஜியின் தட்டில் வைத்தார்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் தெய்ஜி தெருமுனை டோஃபு கடையில் நின்றார், எப்போதும் போல ஆளுக்கு ஒன்றாக இரண்டு கட்டி கேட்டிருந்தார். கடைக்காரி தண்ணீரிலிருந்து எடுக்கும்போது, தெருக்கோடியில் தன் வீட்டு ஜன்னலின் வெளிச்சம் இறங்கி, மற்ற வீட்டு ஜன்னல்கள் எப்படி இருந்தனவோ அப்படி ஆவதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவர் வீட்டு வாசலுக்கு வந்து அவரைத் தேடிக் கையசைத்தாள். தெய்ஜி கடைக்காரியின் பக்கம் திரும்பி, ஒன்று போதும் என்றார். அவளும் ஒன்றைத் தண்ணீரில் திரும்ப விட்டுவிட்டு, இன்னொன்றைக் கட்டிக் கொடுத்தாள்.