கண்ணு மோதிரம்

எங்க வீட்டுக்காரருக்கு நானும் எங்க பொண்ணும் வெச்ச பேர் வாய்தா. கோர்ட்டுல வக்கீலுங்க வாங்குவாங்களே, அதே வாய்தாதான். சமையலறைக் குழாய் சொட்டுதுன்னா அடுத்த வாரம். பொண்ணு சின்னதுல சைக்கிள் கேட்டப்போ முழுப்பரீட்சை முடியட்டும். சட்டையில பட்டன் தொங்குது, கழட்டிக் குடுங்க தைச்சுத் தர்றேன்னு நானே வலியப் போய்க் கேட்டாலும் நாளைக்குன்னுதான் பதில் வரும். அப்பேர்ப்பட்ட மனுஷர் இன்னைக்குக் காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, செருப்போட வாசல்ல வந்து நின்னு, "கிளம்பு, உன் மோதிரத்தை வாங்கிட்டு வந்துடலாம்"னார்.

"எந்த மோதிரம்?"

"அதான், கண்ணு மோதிரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கல்யாணமான புதுசுல ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளிய நின்னு நான் பார்த்த மோதிரம் அது. ஒத்தை வைரம். நடுவுல அகலமா இருக்கும், ரெண்டு பக்கமும் போகப்போகக் குறுகி கூரா முடியும். அதுக்கு என்ன பேருன்னு அப்போ யாருக்குத் தெரியும்? கண்ணு மாதிரி இருக்கேன்னு நானே கண்ணு மோதிரம்னு வெச்சுட்டேன். இவர் பக்கத்துல நின்னு, "அடுத்த வருஷம் கண்டிப்பா"ன்னார். அடுத்த வருஷம் பொண்ணு பொறந்தா. அப்புறம் வாடகை, பள்ளிக்கூடம், எங்க மாமியாருக்கு ஆஸ்பத்திரின்னு வருஷத்துக்கு ஒண்ணு வந்து குறுக்க நின்னுது. கல்யாண நாள் வந்தா, "எங்கங்க என் கண்ணு?"ன்னு கேட்டு அவரை ஓட்டுவேன். அவர் தலையைச் சொறிவார். ஒரு கட்டத்துல கேக்கறதையும் விட்டுட்டேன். ஆசை போயிடலை, கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப் போச்சு.

அதனால வாங்கலாம்னதும் சந்தோஷத்துக்கு முன்னாடி சந்தேகம்தான் வந்துச்சு. ஒரு வேலையை இன்னைக்கே முடிக்கணும்னு இவர் நின்னு நான் பார்த்ததே இல்லை. போன மாசம்தான் முதுகு வலின்னு சொல்லி, பஸ் ஓட்டற வேலையைப் பாதியில விட்டுட்டு வீட்டுல வந்து உட்கார்ந்தார். முதுகுல பெருசா ஏதாவது இருந்து, எங்கிட்ட மறைச்சு, போறதுக்கு முன்னாடி இவ ஆசையைத் தீர்த்து வெச்சுடலாம்னு பார்க்கறாரோன்னு மனசு கண்டபடி ஓடுச்சு.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. என்ன அவசரம் இப்போ?"

"வாங்கலைன்னா வாய்தாங்கறே. வாங்கலாம்னா என்ன அவசரங்கறே. உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

"பேச்சை மாத்தாதீங்க."

"வேலையை விட்டப்போ கைக்கு வந்த பணம் இருக்கு. மோதிரம் வேணுமா வேணாமா?"

வேணும்தான். வேணாம்னு சொல்ல வாய் வருமா? கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, தூரத்துல வந்த பஸ்ஸைக் காட்டி, "அது என்ன நம்பர் பாரு"ன்னார். "காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு நம்பரை நான் படிச்சுச் சொல்லணுமா? நல்ல கூத்து!"ன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சார்.

கடைக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி நின்ன பொண்ணுக்கு எங்க பொண்ணு வயசுதான் இருக்கும். "வாங்க சார், வாங்க மேடம்"னு நாற்காலியை இழுத்துப் போட்டா. மேடமாம்! என் விரலைப் பார்த்தா அப்படிக் கூப்பிட மாட்டா. நான் டெய்லர். துணிக்கடை ஒண்ணுல வாங்கற உடுப்பையெல்லாம் வாங்கினவங்க அளவுக்குப் பிடிச்சும் பிரிச்சும் தர்றது என் வேலை. ஆள்காட்டி விரல் முழுக்க ஊசி குத்தின புள்ளிதான்.

முதல்ல உருண்டைக் கல்லா எடுத்து வெச்சா. இவர் ஒரு பார்வை பார்த்துட்டுத் தட்டைத் தள்ளிட்டார்.

"இது இல்லம்மா. ரெண்டு பக்கமும் கூரா இருக்குமே, அது வேணும்."

"ஓ, மார்க்கீஸ் கட்டா சார்?"

"பார்த்தியா, உன் கண்ணுக்குப் பேர் மார்க்கீஸாம்"னு என் முழங்கையை இடிச்சார்.

வேற தட்டு வந்துச்சு. கறுப்பு வெல்வெட்டு மேல எல்லாம் வரிசையா முழிச்சுக்கிட்டு கிடந்துச்சு. ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா! மூட்டுல கொஞ்சம் இறுக்கி, அப்புறம் இறங்கி உட்கார்ந்துச்சு. குட்டையான என் விரல் திடீர்னு நீளமாயிடுச்சு. கையை நீட்டறேன், மடக்கறேன், தாடையில வெச்சுப் பார்க்கறேன். வெக்கமே இல்லை எனக்கு. இந்த வயசுல இப்படி ஒரு பூரிப்பு வரும்னு நான் நினைக்கவே இல்லை.

ஆனாலும் தொழில் புத்தி விடுமா? "இந்த முனை துணியில மாட்டி நூலை இழுத்துடாதா?"ன்னு கேட்டேன். மெல்லிசுத் துணியில ஒரு இழை போச்சுன்னா முழு உடுப்பும் போச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு முனையிலயும் தொப்பி போட்ட மாதிரி இருந்த தங்கத்தைக் காட்டினா. கூரான இடம்தான் சீக்கிரம் உடையுமாம், அதனால அதை மூடித்தான் கட்டுவாங்களாம். தடவிப் பார்த்தேன், வழுவழுன்னு இருந்துச்சு.

கடைசியில ரெண்டு மோதிரம் மிஞ்சுச்சு. ஒண்ணு சின்னது. தெளிவுன்னா அப்படி ஒரு தெளிவு. இன்னொண்ணு பெருசு, நல்ல நீளம். விலையில பெரிய வித்தியாசம் இல்லை. எப்படின்னு கேட்டதுக்கு, பெருசை எடுத்து வெளிச்சத்துல இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினா. கல்லோட நடுவுல குறுக்க, றெக்கை விரிச்ச பூச்சி மாதிரி ஒரு கருநிழல். "இந்த வெட்டுல சில கல்லுக்கு இப்படி வந்துடும் மேடம். ஆட்டினாலும் போகாது. அதான் விலை கம்மி. சார் பாருங்க"ன்னு அவர் முன்னாடி வெச்சா.

அவர் முகத்தை லேசா அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு ரெண்டையும் பார்த்தார். இது ஒரு புதுப் பழக்கம் அவருக்கு. வீட்டுல நான் ஏதாவது பேச ஆரம்பிச்சாலும் இப்படித்தான் மூஞ்சியைத் திருப்பிக்குவார், எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் பெருசை எடுத்தார்.

"இது நல்லாருக்கு. சுத்தமா இருக்கு. இதையே போட்டுடலாம்."

"கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு? நடுவுல கருகருன்னு கிடக்கு, சுத்தமா இருக்காம்!"

வாய்ல வந்துடுச்சு. வீட்டுல நாளுக்குப் பத்து தடவை சொல்றதுதானே. பால் கொட்டினா சொல்வேன், சட்டையை மாத்தி மாட்டினா சொல்வேன். அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு குனிஞ்சா. இவரும் வழக்கம் போல ஏதாவது எதிர்ப்பேச்சு பேசுவார்னு பார்த்தேன். மோதிரத்தை வெல்வெட்டு மேல மெதுவா வெச்சார்.

"எனக்கு எல்லாத்துலயும் நடுவுல கருப்பாத்தான் தெரியுது. இது கல்லுல இருக்கறதா, என் கண்ணுல இருக்கறதான்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு."

விளையாடறார்னு நினைச்சு முகத்தைப் பார்த்தேன். விளையாடலை. அந்தப் பொண்ணு, "தண்ணி கொண்டு வரேன் சார்"னு நைசா நகர்ந்துட்டா. நல்ல பொண்ணு.

"எதை நேரா பார்த்தாலும் அந்த இடத்துல ஒரு திட்டு. சுத்தி எல்லாம் இருக்கு. ரோடு தெரியுது, ரோட்டுல வர்ற ஆள் தெரியலை. அப்புறம் எப்படி பஸ் ஓட்டறது? கண் டெஸ்ட்டுல இறக்கி விட்டுட்டாங்க."

"அப்போ முதுகு வலி?"

"முதுகுக்கு ஒண்ணும் இல்லை."

"தினமும் உட்கார்ந்து தைலம் தேய்ச்சேனே!"

"சுகமா இருந்துச்சு. அதான் சொல்லலை."

அவரை அங்கேயே நாலு போடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றது அவர் வேலை. அது ஒண்ணுக்குத்தான் அவர் வாய்தா வாங்கினதே இல்லை. போன மழைக்காலத்துல திடீர்னு, "நாளைக்குப் பண்றேன், கை வலிக்குது"ன்னார். "இதுக்கும் வாய்தாவா, உருப்பட்ட மாதிரிதான்"னு பிடுங்கி நானே கோத்துக்கிட்டேன். கடைத்தெருவுல எதிர எதிர வந்து என்னைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார் ஒரு நாள். பொண்டாட்டி கண்ணுக்குத் தெரிய மாட்டாளான்னு அன்னைக்கு முழுக்கப் பேசாம இருந்தேன். ஐயோ, எல்லாம் என் கண்ணு முன்னாடி நடந்திருக்கு. எனக்குத் தெரியலை. திமிருன்னும் சோம்பேறித்தனம்னும் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன், பாவி நான்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டு அந்தமட்டுல நிறுத்தியிருக்கலாம்னார்."

"ஏன் போகலை?"

அவர் தலையைச் சொறிஞ்சார். என்ன சொல்வார்? எனக்குத் தெரியாதா அந்த பதில்? அடுத்த வாரம் போகலாம், அடுத்த மாசம் போகலாம்.

"கண்ணுக்குமா வாய்தா வாங்குவீங்க? குழாய் சொட்டினா சொட்டிட்டுப் போகட்டும். மோதிரம் இல்லைன்னா எனக்கு என்ன, விரல் அழுகியா போயிடும்? கண்ணுங்க அது!"

"தானா சரியாயிடும்னு நினைச்சேன்"னார், தப்பு பண்ணின பையன் மாதிரி. "இனிமே ஓரத்துப் பார்வை மட்டும்தான் நிக்குமாம். நடுவுல இருக்கற திட்டு இன்னும் பெருசாகுமாம். அதான் இன்னைக்கேன்னேன். உன் கையில அதை ஒரு தடவை பார்த்துடணும். பார்க்க முடியாமப் போனப்புறம் வாங்கிக் குடுத்து எனக்கு என்ன பிரயோஜனம்?"

கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன். கேட்டுட்டேன். "என் முகம் தெரியுதா?"

மறுபடியும் முகத்தைத் திருப்பினார். இத்தனை நாளா என்னைப் பார்க்கப் பிடிக்காமத் திருப்பிக்கறார்னு நினைச்சேனே, பார்க்கறதுக்குத்தான் திருப்பியிருக்கார்.

"கம்மல் தெரியுது. தலைமுடி தெரியுது. நீ சிரிச்சா தோள் குலுங்குமே, அது நல்லா தெரியுது."

"முகம்?"

"முகம் எனக்கு மனப்பாடம்."

அந்தப் பொண்ணு தண்ணியோட வந்தா. அவர் ஒரு வாய் குடிச்சிட்டு, விட்ட இடத்துலேர்ந்து சாவகாசமா பேசினார். "உருண்டைக் கல்லு பார்த்தேன்ல? அது அப்படியே காணாமப் போயிடுது. சின்னதும் பாதிக்கு மேல போயிடுது. இந்தப் பெருசுல ரெண்டு முனையும் வெளிய நிக்குது. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். அது போதும் எனக்கு. ஆனா கருப்பு இருக்குன்னா வேணாம். போட்டுக்கப் போறது நீதானே? சின்னதையே எடுத்துக்க."

இத்தனை வருஷமும் இந்த ஒரு நாளைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கடைக்குள்ள ராணி மாதிரி உட்கார்ந்து, இது வேணாம், அது வேணாம்னு தள்ளி, இருக்கறதுலயே நல்லதா பொறுக்கி எடுக்கணும்னு. அந்த நல்லது முன்னாடியே கிடந்துச்சு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதை எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன்.

"இதை உள்ள வெச்சுடும்மா. பெருசையே போட்டுடு."

"நடுவுல நிழல் இருக்கே மேடம்..."

"இருக்கட்டும்."

பெட்டியில போட வேணாம்னு விரல்லயே போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. நடைபாதையில ஓரமா நின்னு, "காட்டு"ன்னார். நேரா நீட்டினா மறைஞ்சிடும்னு இப்போ எனக்குத் தெரியும். கையை அவர் காது பக்கமா கொண்டு போய், கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர்த்தினேன். ஒரு இடத்துல, "அங்க, அங்கேயே வெச்சுக்கோ"ன்னார். அப்படியே அசையாம நின்னார். வெயில் பட்டு ரெண்டு முனையும் மின்னுச்சு. நடுவுல இருந்த கருப்பு எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது.

"நல்லாருக்கு. அன்னைக்கே வாங்கியிருக்கலாம்"னார்.

எனக்கு அடக்க முடியலை. கண்ணுல தண்ணி வந்தா எப்பவும் சட்டுன்னு திரும்பிக்கற ஆள் நான். அவருக்கு நேரா நின்னுக்கிட்டு, மூஞ்சியை மூடாம, துடைக்காம அழுதேன்.

"என்ன, தோள் குலுங்குது? சிரிக்கிறியா?"ன்னார்.

"ஆமாங்க"ன்னேன். "சிரிக்கிறேன்."