நாற்பது நோயாளிகள் தேவை

நகரசபையின் சுகாதாரக் கண்காணிப்புக் குழு கூப்பிட்டனுப்பியபோது, பாராட்டத்தான் என்று நினைத்து நர்ஸம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனாள்.

குழுத் தலைவர் பெயின்ட் கடைக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "போன வருஷம் இதே மூணு மாசத்துல உங்க கிளினிக்குக்கு ஆயிரத்து எண்ணூறு பேர் வந்திருக்காங்க. இப்ப அறுநூறு. மிச்சப் பேரெல்லாம் எங்கம்மா போனாங்க?"

"குணமாயிட்டாங்க சார். சாக்கடையை மூட வச்சோம், தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னோம்..."

"யாரைக் கேட்டுக் குணமாக்கினீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்காததால் விழுங்கிக்கொண்டாள். ஆள் வராத கிளினிக்கை வாரத்துக்கு ஆறு நாள் எதற்குத் திறக்க வேண்டும், இரண்டு நாள் போதுமே என்று பேச்சு போனது.

மேஜையின் கோடியில் இருந்த உறுப்பினர் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு. சொந்தக்காரர் விவகாரத்தில் உறுப்பினர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வாய் திறந்தே ஆகவேண்டும் என்பதற்காக, 'இந்த அம்மாவை எனக்கு முன்பின் தெரியாது' என்று நாத்தனார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்று காலையில்தான் இருவரும் ஒரே கண்ணாடி முன்னால் முட்டி மோதித் தலை சீவினார்கள்.

"வியாழக்கிழமை நேர்லயே போய்ப் பார்ப்போம். நாப்பது பேராவது வந்தா ஆறு நாளும் இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். ஒப்புக்கொண்டார்கள்.

சேதி தெருவுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை ஏழு மணிக்கே கிளினிக் வாசலில் வரிசை. முடி வெட்டுகிறவர் வலது கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை, தண்ணீர் குடிப்பதற்காக இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பேக்கரிக்காரர் இரண்டு காலாலும் நொண்டினார். பள்ளிக்கூட டீச்சர் பக்கத்தில் நின்றவரிடம், "வறட்டு இருமல்னா எப்படி இருமணும்?" என்று கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

குழு வேனில் வந்து இறங்கியது. தலைவர் எண்ணினார். நாற்பத்தேழு. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரே தெருவுல நாப்பத்தேழு பேரா? இது தொத்து நோயாச்சே!"

எல்லோரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

உள்ளே தையல்காரரின் முறை வந்தது.

"என்ன செய்யுது?"

"தலைவலின்னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லச் சொன்னாங்களா, நிஜமாவே வலிக்குதா?"

"வலிக்கவும் வலிக்குது நர்ஸம்மா. பத்து நாளா. அது வேற, இது வேற."

பிரஷர் பார்த்தாள். இருநூற்றுப் பத்து. கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள், சரியாகத்தான் காட்டியது. ஊசியில் நூல் கோக்க நேற்றிலிருந்து இடது கை ஒத்துழைக்கவில்லை என்று அவர் சாவகாசமாகச் சொன்னதும், அவள் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சார், வேன் வேணும்!"

"குழுவோட வேனை வேற வேலைக்கு விடணும்னா தீர்மானம் போடணுமேம்மா" என்றார் தலைவர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"அண்ணி, ஏத்துங்க! நான் முன்மொழியறேன்!" என்று நாத்தனார் கத்தினாள்.

தலைவரின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

"அண்ணியா?" என்றார் தலைவர்.

அதற்குள் இருவரும் தையல்காரரை வேனில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும், கட்டுப் போட்ட கை உள்பட, தூக்கினார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், வேன் முனை திரும்பிவிட்டது.

இன்னும் அரை நாள் கழித்து வந்திருந்தால் பக்கவாதம்தான் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தா பெஞ்சில் நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

"என்னைக் குழுவுலேருந்து தூக்கிடுவாங்க அண்ணி. பொய்க் கையெழுத்து."

"தூக்குவாங்க."

"கிளினிக்கு?"

"தொத்து நோய் அடங்குற வரைக்கும் ஏழு நாளும் திறக்கணுமாம். இப்பதான் போன் வந்துச்சு."

நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நர்ஸம்மா குனிந்து பார்த்தாள். இரண்டும்தான்.