இரும்பு இல்லாத நாற்காலி

வேலுத்தாய் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு திரும்பியபோது அவளுடைய பூவரச மரம் புறவாசலில் விழுந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. நாலு பேரிடம் ஏச்சு வாங்கி, இவளும் நாலு பேரை ஏசி, ஒரு குடம் பிடித்து வருவதற்குள் வீட்டில் இவ்வளவும் நடந்துவிட்டது. அவள் புருசன் ஊர்க்காவலன் கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டு, புலியைக் குத்திச் சாய்த்த சூரன் மாதிரி அடிமரத்தின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டு வெட்டுனீக?”

“எவனைக் கேக்கணும்? என் வீடு, என் மரம். போர்மேன் ஆகிட்டேன்ல. ரூம்ல போட்டு உக்கார ஒரு சேர் செய்யப் போறேன்.”

வீடு அவன் அப்பன் கட்டியது, அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. மரம் அவளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் வெம்பக்கோட்டை அணைக்கரையில் ஒரு போத்தை ஒடித்துக்கொண்டு வந்து ஊன்றி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் அரிசி களைகிற தண்ணீரையும் ஊற்றி வளர்த்தாள். ஏழாயிரம்பண்ணை வெயிலில் ஒரு செடி பிழைத்து மரமாவது லேசுப்பட்ட காரியமா? இந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டு வளர்ந்தது அது ஒன்றுதான். குடத்தை இறக்கிவைத்தாள். மரத்தின் நடுப்பாகத்தில், நின்றிருந்தபோது அவள் நெஞ்சுக்கு நேராக இருந்த இடத்தில், பட்டை தொப்புள் மாதிரி உள்வாங்கியிருந்தது. அதைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். அவன் பார்வை அந்தப் பக்கமே போகவில்லை.

கரிசல் காட்டுக்குள் தனியாகக் கிடக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் வேலை. அவள் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூமில். அதே ரூமுக்கு இவன் போர்மேன். வீட்டுக்கு வீடு கலர் டிவி வரப்போகிறதென்று ஊரே டோக்கனை வைத்துக்கொண்டு அலைந்த வருசம் அது. இவனுக்கு டிவியைவிடப் பெரிதாகப் போர்மேன் வேலை வந்தது. வந்த மறுநாளே உட்கார ஆசையும் வந்தது. மருந்து ரூமில் பிளாஸ்டிக் ஆகாது, இரும்பு ஆகவே ஆகாது. சல்லடை பித்தளை, கரண்டி மரம். இரும்பும் சிமெண்டுத் தரையும் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், பொறுக்கி எடுக்க எலும்புகூட மிஞ்சாது. அதனால் அங்கே நாற்காலி என்பதே கிடையாது. பொம்பளைகள் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள், பழைய போர்மேன் நின்றுகொண்டே இருந்து ஓய்ந்துபோனார். ஊர்க்காவலன் முதலாளியிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான்: “எங்க வீட்டு மரம் மொதலாளி. நானே செய்யிறேன். பூராம் மூங்கில் ஆணிதான். ஒரு குண்டூசி இரும்பு இருக்காது.” சின்ன வயதில் ஆசாரியோடு எடுபிடியாகத் திரிந்த தெம்பு.

ஒரு குண்டூசி இரும்பு இருக்காதாம்!

அவன் கை நீட்டுகிறவன். சோற்றில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அணைத்ததை இவள் பார்க்கவில்லை. ஒருநாள் அவன் கையை ஓங்கியபோது இவள் உலக்கையை எடுத்து அவன் தோளில் ஒரே போடாகப் போட்டாள். அவ்வளவுதான், புருசனை அடிக்கிற பொம்பளை பொம்பளையா? முனி பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். கோடாங்கி வந்தான். ஊரே கூடி நிற்க, உடுக்கையை அடித்து, சவுக்கால் விளாசி, “போறியா, போறியா” என்று கேட்டான். அடி தாங்காமல் “போறேன்” என்றாள். போகிற பேயை எங்கே விடுவது? உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, மாட்டுக்கு அடிக்கிற லாட ஆணியில் சுற்றி, அவள் வளர்த்த பூவரசிலேயே அடிக்கச் சொன்னான். சுத்தியலை வாங்கி அடித்தவன் ஊர்க்காவலன்தான். அடித்துவிட்டு எல்லோருக்கும் காப்பி கொடுத்தான். வருசம் போகப் போக மரம் ஆணியை உள்ளே வாங்கிப் பட்டையால் மூடிக்கொண்டது. இவளும் அப்படியே மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கை ஓங்கவில்லை. ஆனால் ஒரு நாள்கூட அந்த இடத்தைத் தடவாமல் புறவாசலைத் தாண்டியதில்லை.

மரத்தைத் துண்டு போட்டுக் காயவைத்து, வேலை முடிந்து வந்த பொழுதுகளில் எல்லாம் அவன் நாற்காலிமேலேயே கிடந்தான். வேலைக்காரன்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரம்பத்தால் தானே அறுத்தான். இழைப்புளி ஓடினால் மரச்சுருள் அப்பளம் மாதிரி சுருண்டு விழும். துளை போட்டு, மூங்கில் ஆணியைச் செதுக்கி எண்ணெயில் ஊறவைத்து இறக்கினான். பொண்டாட்டிமேல் ஒருநாளும் வைக்காத பக்குவத்தோடு கையை வைத்து வைத்துத் தடவிப் பார்த்தான். முன்னங்கால் ஒன்றின் அடியில் கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தது. இரும்பு பட்ட மரம் அப்படித்தான் கறுக்கும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனோ வருகிறவன் போகிறவனிடம் எல்லாம், “பாத்தியாலே, வைரம் பாஞ்சிருக்கு” என்று காட்டினான்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னாள். “அது வைரமில்ல. அந்தக் காலுக்குள்ள ஆணி இருக்கு.”

“எந்த ஆணி?”

நடிக்கிறானோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. ஆடு வாங்கியதை, சைக்கிள் விற்றதை எல்லாம் தேதியோடு சொல்கிறவனுக்கு இது மறந்து போயிருந்தது. சவுக்கடிகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

“கோடாங்கி வந்தப்ப அடிச்சீகளே, அந்த ஆணி.”

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். “அதெல்லாம் கோடாங்கி அப்பவே புடுங்கிட்டுப் போயிருப்பான். புருசன் நல்லாருந்தா ஒனக்குப் பொறுக்காது, என்ன? மறுபடி ஏறிருச்சா? காரியாபட்டிப் பக்கம் ஒருத்தன் இருக்கானாம், கூட்டியாரட்டுமா?”

அவள் கீழே கிடந்த மரச்சுருளைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். பேயென்று ஒரு தடவை பேர் எடுத்தவள் எதைச் சொன்னாலும் அது பேய் சொன்னதுதான்.

நாற்காலி முடிந்ததும் ஆடியது. ஒரு கால் உயரம். அறுத்தான். இன்னொரு கால் உயர்ந்தது. அதை அறுத்தான். ஆட்டம் நிற்கிறவரைக்கும் மாற்றி மாற்றி அறுத்தான். ஒவ்வொரு அறுப்புக்கும் கறுப்புத் திட்டு பெரிதானது. கடைசியில் அரத்தைப் போட்டுத் தேய்த்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கேட்டார்கள். “கணு” என்று அவனாகவே சொல்லிக்கொண்டு தேய்ப்பதை நிறுத்தினான். அன்றிலிருந்து நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இவள் அந்தப் பக்கம் விளக்குமாற்றோடு போனால்கூட “எட்டப் போ” என்றான்.

போய் உட்காரட்டும், சாகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஒளிப்பானேன், அந்த எண்ணம் அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் காலடியில் உட்கார்ந்திருக்கப் போகிறது யார்? முருகம்மாள், மாடத்தி, போன மாதம் சேர்ந்த இசைவாணி, அப்புறம் இவள். இவன் ஒருத்தனுக்காக அத்தனை பேரும் கரியாவதா?

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேனின் மேல் நாற்காலியை ஏற்றிக் கட்டினான். முருகம்மாளின் காதில் மட்டும் வேலுத்தாய் விசயத்தைச் சொன்னாள். அவள் பதறிப்போய், “சொல்லிட்டு நீ பேய்ப்பட்டம் கட்டிக்கிறதுக்கா? வேண்டாந்தாயி” என்றாள். பிறகு வழியெல்லாம் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் சோலைச்சாமி வழக்கம்போல பழைய பிஸ்கட் டப்பாவோடு நின்றார். கொண்டை ஊசி, சேப்டி பின், எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதலாளி ரத்தினசாமியின் ஜீப்பும் வந்து நின்றது. சீசன் நேரம், ஆர்டர் தலைக்குமேல், அந்தச் சிடுசிடுப்பு முகத்தில். ஆனாலும் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். வாசலிலேயே போட்டு உட்கார்ந்தும் பார்த்தார்.

“பரவால்லலே. ஆட்டமில்ல. இரும்பு இல்லேல்ல?”

“சத்தியமா இல்ல மொதலாளி.”

வேலுத்தாயின் முறை வந்தது. கொண்டை ஊசியை உருவினாள். நரைத்த முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அந்தச் சேருக்குள்ளயும் என்னோடது ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துப் போட்டுக்கிடுங்க அண்ணே.”

வரிசை அப்படியே நின்றது. ஊர்க்காவலன் சிரிக்கப் பார்த்தான். “மொதலாளி, இவளுக்கு முன்னாடி ஒரு கோளாறு...”

“ஆமா, கோளாறு. இவுகளை நான் திருப்பி அடிச்சேன், அதான் கோளாறு. பேயின்னு சொல்லி என் முடியில ஆணியச் சுத்தி அந்த மரத்துல அடிச்சாக. அடிச்ச மகராசன் மறந்துட்டாரு. முன்னங்கால்ல கறுப்பு இருக்கு பாருங்க.”

முதலாளி சூடுபட்டவர்போல எழுந்தார். வாசலில் முள்வெட்ட வைத்திருந்த அரிவாளை எடுக்கச் சொன்னார். “மொதலாளி, மொதலாளி” என்று ஊர்க்காவலன் குறுக்கே விழுந்தான். அவன் குரல் உடைந்ததை அவள் அன்றுதான் கேட்டாள். கெஞ்சுவது தனக்காகவா, நாற்காலிக்காகவா என்று கடைசிவரை தெரியவில்லை. சோலைச்சாமி அரிவாளைக் காலின் அடியில் வைத்துக் கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். கால் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே குறுக்காகத் துருவேறிய லாட ஆணி. அதற்கு அடியில் ஒரு இழை மரம்தான் பாக்கி, அரம் பட்ட இடத்தில் அதுவும் இல்லை. ஆணியைச் சுற்றி முடி. மரத்துக்குள் வெயிலும் படாமல் வயசும் ஏறாமல் கருகருவென்று இருந்தது. பொம்பளைகள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு வேலுத்தாயின் நரைத்த தலையைப் பார்த்தார்கள். மாடத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று முதலாளி அவள்மேல்தான் முதலில் பாய்ந்தார்.

“வீட்ல சொன்னேன். இன்னொரு கோடாங்கியக் கூட்டியாரேன்னாக.”

முதலாளி ஊர்க்காவலன் பக்கம் திரும்பினார். “இண்ணைக்கு லோடு போகணும், அதனால விடுறேன். ரூம் வாசல்ல நில்லு. பொழுதுக்கும் நில்லு. நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பாப்போம்.”

பகல் முழுக்க அவன் வாசல்படியில் நின்றான். உள்ளே பொம்பளைகள் மருந்தை அள்ளிச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. வேலுத்தாய்க்கு அவன் நிழல் தன்மேல் விழுகிற பக்கம் குளிர்ந்திருந்தது. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்தாள். உலக்கை அடுப்படி மூலையில்தான் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் சங்கு ஊதியதும் சோலைச்சாமி டப்பாவை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒவ்வொருத்தியும் கையை விட்டுத் தன் ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டாள். வேலுத்தாய் தன்னுடையதை எடுத்து, அங்கேயே நின்று, அவசரப்படாமல் முடியை அள்ளிக் கொண்டை போட்டுச் செருகினாள். பிறகு வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வரிசையில் கடைசியாக ஊர்க்காவலன் வந்தான். அவனிடம் கொடுத்துவைத்தது ஒன்றுமில்லை, பேசாமல் தாண்டிப் போகப் பார்த்தான். சோலைச்சாமி விடவில்லை.

“ஓம் பொருளு கெடக்குல்லப்பா” என்று டப்பாவை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். உள்ளே கறுத்த முடி சுற்றிய அந்த ஆணி ஒன்றுதான் கிடந்தது. வேன் டிரைவர் ஆரன் அடித்தான். ஊர்க்காவலன் டப்பாவைப் பார்த்தபடி நின்றான்.