விருந்தாளிக்காகக் கொத்திய சுவர்

என் வாயைத் தைத்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

1957-ல் என் வீட்டுக்காரர் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். வாராவாரம் எனக்கு ஒரு பத்திரிகை வாங்கி வருவார். அதில் வந்த சோழர் காலத் தொடர்கதை என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது, நான் கதையை விடவில்லை. கீரனூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். சிவன் கோயில் தென்சுவரில் அந்தக் காலத்து எழுத்து இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வாழ வந்த நாளிலிருந்து சுற்றி வந்த சுவர்!

ஒரு வருஷம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நக்கன் காரி என்ற பெண் தொண்ணூறு ஆடு கொடுத்து அணையா விளக்கு வைத்திருந்தாள். எதற்காக வைத்தாள் என்பது கீழ் வரிகளில் இருக்க வேண்டும். அவை எனக்குப் பிடிபடவில்லை.

கதை எழுதியவருக்கே கடிதம் போட்டேன். பதில் வந்தது: "அவளையே அடுத்த கதையின் நாயகி ஆக்கலாம். ஆனால் கல்லை நேரில் பார்த்து, தாளில் மை ஒற்றிப் படி எடுக்காமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். பத்தாம் தேதி வருகிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சாயத்து பிரசிடெண்ட் ரத்தினவேல் மாமாவிடம், "மெட்ராஸ்லேர்ந்து பெரிய எழுத்தாளர் நம்ம கோயிலப் பாக்க வாராரு, நான் கூப்பிட்டுத்தான்!" என்று பீற்றிக்கொண்டு, தங்கை கல்யாணத்துக்கு அறந்தாங்கி போய்விட்டேன்.

பத்தாம் தேதி திரும்பி வந்து நேரே கோயிலுக்கு ஓடினேன். எழுத்தாளர் மைப் பையோடு தென்சுவர் முன்னால் நின்றார். பக்கத்தில் மாமா, வாயெல்லாம் பல்லாக.

"வா செங்கமலம்! பெரிய மனுசர் வாராரு, செவரு எண்ணெப் பிசுக்கும் பாசியுமா இருந்தா ஊருக்குக் கேவலமில்லையா? தேச்சுப் பாத்தோம், போகல. அம்மி கொத்துற ஆளுகள வச்சு மூணு நாளாக் கொத்துனோம். பளிச்சுன்னு இருக்குல்ல?"

சுவர் புது அம்மி மாதிரி இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"குடியக் கெடுத்தீங்களே மாமா!" என்று கத்தினேன். அவர் மிரண்டுபோனார். அவரை என்ன சொல்வது? வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று நான் சொன்னேனா? என் பெருமையைத்தானே சொன்னேன்!

எழுத்தாளர் சுவரைத் தடவிப் பார்த்தார். "கீழ் வரிகளைப் பார்த்து எழுதி வச்சிருக்கீங்களாம்மா? புரியாட்டியும் படம் மாதிரியாவது?"

"இல்லீங்க. செவரு எங்க போயிரப் போகுதுன்னு இருந்துட்டேன்."

அவர் பையை மூடினார்.

நக்கன் காரி விளக்கு வைத்த கதையை நான் சொன்ன பிறகுதான் மாமாவுக்கு விஷயம் விளங்கியது. பாவம், பதறிப்போனார். "எழுத்துத்தானே? அந்த ஆளுகள் இன்னும் ஊர்லதான் இருக்காங்க. திரும்ப வெட்டச் சொல்றேன். அந்தம்மா எதுக்கு வெளக்கு வச்சாக, நீ சொல்லு தாயி!"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.