தரங்கம்பாடியில் பாடிய ஒப்பாரி

"செத்தது யாருங்க சார்?" என்று வேம்பு கேட்டதும் வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பேராசிரியர் குருநாதனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாயவரம் தாண்டி, ஜன்னலில் உப்புக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழவுக்குப் போகிறவள் முதலில் கேட்க வேண்டியதைத்தானே கேட்டாள்? ஆணா பெண்ணா, பெரிய உசிரா சின்ன உசிரா என்று தெரியாமல் எந்தப் பாட்டை எடுப்பதாம்?

"யாரும் சாகல வேம்பு. இது கலைவிழா. பழைய துறைமுகம், கோட்டை, நம்ம பாட்டுக்கூத்து எல்லாம் பாக்கணும்னு டில்லியிலேர்ந்து வராங்க, டென்மார்க்குலேர்ந்து வராங்க. நீ மேடையில உக்காந்து பாடப் போற."

"சாவு இல்லாமயா?"

மறுபடியும் சிரிப்பு. பின்சீட்டில் இருந்த கீழப்பழுவூர்ப் பறைக்காரர்கள் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வெளியே பார்த்தார்கள்.

யாரோ பெரிய மனிதர் செத்திருக்கிறார், பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விக்கிரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வேம்பு வந்து அழாத எழவு எழவே இல்லை என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுக்குள் ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வைத்தால், அது பாடினவள் வீட்டிலேயே ஒரு பிணத்தைக் கேட்கும். புதுப் பாட்டுக் கட்டுவதென்றால்கூட சுடுகாட்டுப் பக்கம் போய், புதிதாக மூடின குழிக்கு எதிரே குந்தித்தான் கட்டுவாள். அவள் வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சுண்ணாம்புக்கல் குழியில் பதினெட்டு வருஷம் கல் உடைத்துவிட்டு, இப்போது இருமி இருமி ரத்தம் கக்கிக்கொண்டு பாயில் கிடக்கிற புருஷன்தான் இருக்கிறான்.

அவனுக்காகத்தான் வந்ததே. காசநோய் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று ரெண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருக்கிற பெரிய டாக்டர் குருநாதனோடு ஒன்றாகப் படித்தவராம். "நீ வந்து பாடு, லெட்டர் தரேன். காட்டுனா அன்னிக்கே சேத்துக்குவாங்க" என்று வாசலில் நின்று சொன்னார். உள்ளே கிடந்தவனும் கேட்டான். "போயிட்டு வா புள்ள" என்றான், மூச்சு வாங்க. இனி பாடினால் அவன் உயிருக்குக் கேடு, பாடாவிட்டால் லெட்டர் கிடையாது. அட சாமி, இது என்ன சோதனை என்று இருந்தது அவளுக்கு.

தரங்கம்பாடி வந்துவிட்டது. அவள் கடலை அதுவரை பார்த்ததில்லை. பெரிய வாசல் வழியாக வேன் நுழைந்ததும், அகலமான வீதியும் தூண் வைத்த வெள்ளைக்காரன் வீடுகளும் கோயில்மணி போல மணி கட்டிய சர்ச்சும், கடைசியில் அந்த மஞ்சள் கோட்டையும், அதற்குப் பின்னால் நீலமாக அவ்வளவு தண்ணியும்! பாழாய்ப்போன கண்ணுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. புருஷன் அங்கே பாயில் கிடக்க இங்கே வாய் பிளந்து பார்க்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விருந்தாளிகளைக் குருநாதன் ஊர் சுற்றிக் காட்டினார். பாடுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த ஒரு சின்னக் கல்லைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு வயசுக் குழந்தை. கப்பல்ல வந்து எறங்குன மாசமே காய்ச்சல்ல போயிடுச்சு" என்றார்.

வேம்புவுக்கு மூச்சு வந்தது. ஒரு சாவு கிடைத்துவிட்டது!

"சார், இந்தப் புள்ளைக்குப் பாடிடறேன். புள்ளப் பாட்டு நெறைய வெச்சிருக்கேன். கேக்குறவங்க வயித்தக் கலக்கும்."

"அய்யய்யோ, அதெல்லாம் கூடாது. புருஷன் செத்ததுக்குப் பொண்டாட்டி பாடுறதுன்னு நோட்டீசே அடிச்சாச்சு. பாட்ட இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்திருக்கேன்."

"அவுரு மேலுக்கு முடியாமக் கெடக்குறாருங்க சார். நான் எப்புடி..."

"படிக்காதவங்க மாதிரி பேசாத. பாட்டு வேற, வாழ்க்கை வேற." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "லெட்டர் வேணுமா, வேணாமா?" விளையாட்டுக்குக் கேட்பது போலச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவள் படிக்காதவள்தான். படித்தவர்களுக்கு எழவும் வேடிக்கை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பொழுது சாயக் கோட்டைக்குள் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துப் போட்டாள். வாய் புருஷன் பாட்டைப் பாடட்டும், மனசு அந்த வெள்ளைக்காரக் குழந்தைக்கு அழட்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னக் கல்லை எதிரே வைத்துக்கொண்டாள்.

மல்லி வெளஞ்ச கொல்ல – எனக்கு
மழ இல்லாமக் காஞ்சதென்ன
மால போட்ட மகராசா – என்ன
மறந்து நடந்ததென்ன

முதல் இரண்டு பாட்டுக்குக் குழந்தை அசையாமல் கிடந்தது. மூன்றாவதில் மஞ்சள் அழிக்கிற வரி வந்தது. கல் நழுவிவிட்டது. பாயில் சுருண்டு, ரத்தச் சட்டியை எட்டி இழுக்கிற கை தெரிந்தது. "போயிட்டு வா புள்ள" என்று கேட்டது. ஐயோ என்றாள். அது பாட்டில் இல்லாத சொல். எத்தனையோ வீட்டில் அழுதிருக்கிறாள், இப்படி அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பி அவள் பார்த்ததில்லை. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. மார்பில் அறைந்துகொண்டு அவனைப் பிணமாகவே கிடத்தி அழுது தீர்த்தாள்.

கைதட்டல் கோட்டைச் சுவரில் மோதியது. ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குருநாதன் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். லெட்டரை எடுத்துத் தூக்கிப் பிடித்து, இந்த ஏழைப் பெண்ணின் கணவனுக்கு வைத்தியம் செய்ய விழாக்குழு ஏற்பாடு செய்திருக்கிறது என்று இரண்டு பாஷையிலும் மைக்கில் சொன்னார். அதற்கும் தட்டினார்கள். பேனாவைத் திறந்தார்.

"பேரு மட்டும்தான் எழுதணும். வூட்டுக்காரர் பேரு என்ன?"

வேம்பு விழித்தாள். தாலி ஏறிய இருபது வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும். பறைக்காரர்களில் யாராவது சொல்வார்களா என்று பார்த்தாள். அவர்கள் கோட்டைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மாமியாளக் கேட்டுக்கங்க சார். அவங்க சொல்லுவாங்க."

குருநாதன் அதையும் இங்கிலீஷில் சொல்ல, கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"பேரு இல்லாம லெட்டர் செல்லாது வேம்பு. சீக்கிரம் சொல்லு, அடுத்த நிகழ்ச்சி நிக்குது."

அவள் தலையைக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லத்தான் சொன்னாள். மைக் அவள் வாய்க்கு நேரே இருந்தது. அரியமுத்து என்று நாலு மூலைக் குழாயும் அலறின. சுவரில் பட்டு ஒரு தரம் திரும்பியும் வந்தது. பாட்டின் கடைசி வரி அதுதான் என்று நினைத்துக்கொண்டு விருந்தாளிகள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.