சிங்காரிக்கு நடந்த விசாரணை

செத்த வாத்துக்கு விசாரணை வைத்த ஆள் கொருக்குப்பேட்டையிலேயே ஜெயவேல் ஒருவன்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விடியற்காலையில் கூட்ஸ் யார்டிலிருந்து வேலை முடிந்து வந்தவன், வழக்கம்போல முற்றத்தில் கவிழ்த்திருந்த கூடைக்கு அடியில் கையை விட்டுத் தன் வாத்து சிங்காரியின் கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் போய்ப் படுத்தான். அதுவும் வழக்கம்போலத் தூக்கக் கலக்கத்தில் ஏதோ முனகிவிட்டுத் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. வெயில் ஏறியபின் அவன் பெண்டாட்டி பச்சையம்மா போய்க் கூடையைத் தூக்கினால், வாத்து காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை, இறகுகூடக் கலையவில்லை. முந்தின நாள் மாலைதான் தெருநாய் ஒன்றை வாய்க்கால் வரைக்கும் துரத்திவிட்டு வந்த வாத்து அது.

அவள் போட்ட கூச்சலில் ஜெயவேல் எழுந்து ஓடிவந்தான். குனிந்து தூக்கப் போனவளைப் பார்த்து, "தொடாத!" என்று கத்தினான்.

"இன்னாய்யா, செத்துப் போச்சுய்யா."

"அதான் தொடாதன்றேன். யாருன்னு தெரியறவரிக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

இது அவன் யார்டில் கற்றுக்கொண்ட பழக்கம். வண்டி தடம் புரண்டால் ஆபீசர் வந்து பார்க்கும்வரை ஒரு சக்கரத்தைக்கூட அசைக்க விடமாட்டார்கள். சுற்றிக் கயிறு கட்டி, காவலுக்கு ஆளைப் போட்டு, அது கிடந்த கிடையிலேயே விட்டுவைப்பார்கள். அப்புறம் விசாரணை. எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கு மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்த ஜெயவேல், எத்தனையோ விசாரணைகளைப் பார்த்துவிட்டான். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தன் பெயர் எழுதப்படும். பெயர் இல்லாமல் ஒரு விசாரணையும் முடிந்ததில்லை. ஆகவே வாத்து கிடந்த இடத்திலேயே கூடையை மறுபடி கவிழ்த்து, மேலே ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்தான். அது பங்குனி மாதம் என்பது அவன் புத்தியில் ஏறவில்லை.

அவன் மனநிலையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். போன மாதம்தான் அவனுக்கே ஒரு விசாரணை நடந்தது. வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ் ஜமேதார் அவன். உப்பு ஏற்றிய வேகன் ஒன்று தண்டவாளம் பிரியும் இடத்தில் இறங்கிவிட்டது. தண்டவாளத்தை அளந்தார்கள், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று எழுதிவிட்டுப் போவதற்கு ஆபீசருக்கு மனசு வருமா? "கடைசியாகப் பாயிண்ட் கம்பியில் கை வைத்தவன் யார்?" என்று கேட்டார். ஜெயவேல். முடிந்தது. ஜமேதாரின் பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு சாதாரணக் கூலியாட்களோடு அவனை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு யார்டில் அவன் சொன்னதை ஒருத்தனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழையபடி அவனுக்கு மரியாதை கொடுத்தது சிங்காரி ஒன்றுதான். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வாய்க்கால் கரையோடு வாத்து ஓட்டி வந்தவர்கள், கால் ஊனம் என்று விட்டுப்போன குஞ்சு அது. அவன் தவிடு பிசைந்து போட்டு வளர்த்தான். வளர்ந்தபிறகு, அவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ரயில்வே கேட் வரைக்கும் அவனுக்கு முன்னால் நடக்கும். கேட்டில் நின்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானாக வீடு திரும்பும். வில்லை போன மறுநாளும் அப்படியே நடந்தது. அன்றைக்கு அவன் வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே போனான்.

அது இப்படிக் காரணமே இல்லாமல் செத்துக் கிடந்தால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

முதல் விசாரணை தவிடு விற்ற ஆறுமுகநயினார் கடையில் நடந்தது. நயினார் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், பேச்சில் நிதானம் உண்டு. அன்றைக்கு அந்த நிதானமும் போனது.

"நீ நேத்து குட்த்த தவுட்டுல இன்னா கலந்த?"

"தவிட்டுல தவிடுதான் வே இருக்கும். அதே மூட்டையிலதான் தெரு பூரா வாங்கிட்டுப் போவுது. எந்த மாடாவது செத்துதா, எந்தக் கோழியாவது செத்துதா?"

"என் வாத்து செத்துச்சே!"

"அதுக்கு என்கிட்ட வந்து நின்னா நான் என்னத்தச் சொல்ல? வியாபார நேரத்துல விஷம் கிஷம்னு சத்தம் போட்டா நாலு பேரு காதுல விழாதா? போதும் வே, போய் அதைப் புதைச்சிட்டு வாரும்."

கடைக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றாள் ஒருத்தி. ரயில் புகை குடித்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உனுக்கு வர வேண்டியது அத்தோட போச்சுப்பா, தப்பிச்சிகினேன்னு நெனச்சிக்கோ" என்றாள். அதைக் கேட்டுத்தான் ஜெயவேலுக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. எனக்காகச் சாகச் சொல்லி அதனிடம் யார் போய்க் கேட்டது? ஒரு வாத்து வாத்தாகச் செத்துப் போகக்கூட இந்த ஊரில் விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் பச்சையம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "எறும்பு மொய்க்கிது. பொதச்சிட்டு அப்பால விசாரிய்யா."

"பொதச்சிட்டா அப்பால இன்னாத்த விசாரிக்கிறது?" என்றவன் கண் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் நின்றது.

பக்கத்து வீடு ஜீனத்துடையது. புருஷன் போனபிறகு பீடி சுற்றிப் பிழைக்கிறவள். ஜெயவேலை விட நாலைந்து வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர், அதில் ஒரு ஓட்டை. சிங்காரி பாதி நாள் அந்தப் பக்கம்தான் இருக்கும். அவள் மீன் ஆய்கிற நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாகப் போய் நிற்கும். குடலையும் செதிலையும் ஒரு தகர மூடியில் வைத்துக் கொடுப்பாள். எல்லாம் சரி. ஆனால் பீடி இலையை எலி கடிக்கிறது என்று போன வாரம் அவள் எலிப் பாஷாணம் வாங்கி வந்ததை ஜெயவேல் பார்த்திருந்தான். அது நினைவு வந்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

நேராகப் போய் அவள் வாசலில் நின்றான். பச்சையம்மா கூச்சல் போட்ட நேரம் மீன் வாங்கப் போயிருந்தவளுக்கு அது காதில் விழுந்திருக்கவில்லை. முறத்தில் இலையை வைத்துக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இன்னாடா, இன்னிக்கு சிங்காரியக் காணோம்?" என்றாள்.

"தெரியாத மாரி கேக்காதக்கா. அது செத்துப் போச்சு."

ஜீனத்தின் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. "யா அல்லா" என்றாள். எழுந்திருக்கப் போனவளை அவன் எழ விடவில்லை.

"பாஷாணம் எங்க வச்ச?"

"இன்னாது?"

"எலிக்கு வாங்கினியே, அத்த எங்க வச்ச? நேத்து அது உன் வூட்டுக்கு வந்துச்சா இல்லியா? அதுக்கு நீ இன்னா போட்ட? கடைசியா அத்தத் தொட்டது நீதானே?"

ஆபீசர் தன்னைக் கேட்ட அதே கேள்வி தன் வாயிலிருந்து வருவதை அவன் கவனித்தானோ என்னவோ, நிறுத்தவில்லை. தெரு கூடிவிட்டது. ஜீனத் உள்ளே போய், பொட்டலத்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். கட்டிய நூல் அவிழ்க்கப்படவே இல்லை.

"வாத்து வந்து போற வூடாச்சேன்னு பிரிக்காமலே வச்சிகினேன். எலி துன்னா துன்னுட்டுப் போவுதுன்னு வுட்டுட்டேன்" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. "இத்தினி வருசமா பக்கத்துல கீறோம். என்னப் பாத்து விசம் வச்சியான்னு கேட்டுட்டியேடா." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதாவது அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்தும் புலம்பல் ஓயவில்லை. "அவ இல்லன்னா வேற யாரு? யாரோ ஒருத்தர் கை பட்டுத்தானே இருக்கணும்? கடைசியா தொட்டது யாருன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பச்சையம்மா அதுவரை பொறுத்திருந்தது பெரிய காரியம். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கடைசியா தொட்டது யாருன்னுதானே கேக்குற? நான் சொல்றேன் கேளு. நான் கூடையத்தான் தூக்கினேன், வாத்தத் தொட நீ வுடல. ஜீனத்தக்கா தொட்டது நேத்து. விடிகாலைல வந்து கூடைக்குள்ள கை வுட்டது யாருய்யா? கட்டில்ல படுத்துகினு பாத்துகினுதான் இருந்தேன். உன் கைதான்யா கடைசி. எழுது, உன் பேர எழுது!"

ஜெயவேல் தன் வலது கையைப் பார்த்தான். அந்தக் கழுத்தின் சூடு இன்னும் விரலில் இருப்பதுபோல் இருந்தது.

"நான் ஒண்ணும் பண்லியே" என்றான் சின்னக் குரலில். "சும்மா சொறிஞ்சுதானே வுட்டேன்."

"ஒண்ணும் பண்லதான். அந்த வேகனுக்கும் நீ ஒண்ணும் பண்ல. அந்த அக்காவும் ஒண்ணும் பண்ல. உன்ன அந்த ஆபீசரு இன்னா பண்ணானோ அத்தயே நீ போய் அவளுக்குப் பண்ணிட்டு வந்துகீற."

கல்லை எடுத்துக் கூடையை விலக்கியபோது சிங்காரியின் அழகெல்லாம் போயிருந்தது. கண்ணில் எறும்பு. வயிறு உப்பியிருந்தது. காலையில் எடுத்திருந்தால் தூங்குகிற மாதிரி இருந்திருக்கும். அதைக்கூட அதற்குச் செய்யாமல் நாள் முழுக்க வெயிலில் போட்டு வைத்தோமே என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வாய்க்கால் சரிவில், அது இறங்கி நீந்தப் போகிற இடத்தில் குழி வெட்டினான். பச்சையம்மா இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். மண்ணைத் தள்ளும்போதும் அவன் மனசுக்குள் கேள்வி ஓயவில்லை. பாம்பா? வெயிலா? உள்ளுக்குள் ஏதாவது நோவா? நேற்று நாயைத் துரத்தினாயே, போகப் போகிறவள் ஒரு அடையாளமாவது காட்டக்கூடாதா? வாத்து என்ன பதில் சொல்லும்!

வெளிச்சம் இருக்கும்போதே ஜீனத்தின் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

"அக்கா."

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"பொதச்சிட்டேங்க்கா."

"யாருன்னு கண்டுபுடிச்சிட்டியா?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

பாம்பு என்று சொல்லிவிடலாம். கண்ணேறு என்றும் சொல்லலாம், தெருவே ஒத்துக்கொள்ளும், அவன் மானமும் பிழைக்கும். ஜெயவேல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். யார்டில் இத்தனை வருஷத்தில் ஒரு ஆபீசர் வாயிலிருந்தும் வராத வார்த்தையை அவன் சொன்னான்.

"தெரியலக்கா. எதுனால செத்துச்சுன்னு எனுக்குத் தெரியல. உன்ன அப்டி கேட்டது தப்பு."

கதவு திறந்தது. ஜீனத்தின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அந்தத் தகர மூடி. அதில் மீன் குடல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலைல மீன் ஆஞ்சிட்டு அதுக்குன்னு எட்த்து வச்சேன்" என்றாள். "தெரியலன்ற இந்த ஒரு வார்த்தய காலைலயே வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேருமா குந்தி அழுதிருக்கலாமேடா."

ஜெயவேல் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.